எலும்பு ஒருமுறை முறிந்த பிறகு டி ஸ்கோரை மட்டும் நம்பாதீர்கள்

கடிதம் எழுதிய வாசகிக்கு 62 வயது. 44 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்திருக்கிறார். பிறகு மகளின் வற்புறுத்தலால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்கிறார். அடர்த்தியைச் சொல்லும் டி ஸ்கோர் என்ற எண் முதுகெலும்பில் -1.4, தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் -2.3. “அடர்த்தி குறைவு, எலும்புப்புரை அளவுக்கு இல்லை” என்கிறது அறிக்கை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்தான் எலும்புப்புரை). எலும்பு கரைவதைக் குறைக்க, மருத்துவர் வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அது தாடை எலும்பை அழுக வைத்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால், மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே இருக்கிறது. அதற்குப் பதிலாக 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை மூன்றைத் தினமும் சாப்பிடுகிறார். இரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதாகப் பரிசோதனையில் வந்திருக்கிறது. மீண்டும் விழுந்துவிடக் கூடாதே என்று நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டார், படிக்கட்டு ஏறுவதில்லை, பெரும்பாலும் நாற்காலியிலேயே நாள் கழிகிறது. இரவில் தூக்க மாத்திரை உண்டு. இவருடைய தாயார் 78 வயதில் இடுப்பெலும்பு முறிந்து, அதன் பிறகு எழுந்து நடக்கவே இல்லை.

“வயதானால் எலும்பு உளுத்துப்போவது இயற்கைதானே, அதற்கு மருந்து எதற்கு? நான் செய்வது சரிதானா? என் 35 வயது மகளுக்கும் இது வருமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன், நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதங்களுக்கு முன் தண்ணீர் வாளியைத் தூக்கியபோது நடுமுதுகில் திடீரென்று வலி பிடித்துக்கொண்டது, வாயுப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்தீர்கள், மூன்று வாரத்தில் தானாகவே தணிந்தது என்பது ஒன்று. திருமணத்தின்போது 158 சென்டிமீட்டர் இருந்த உயரம் இப்போது 153 ஆகிவிட்டது, வயதானால் குள்ளமாவது வழக்கம்தானே என்பது இன்னொன்று. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தவை இந்த இரண்டு வரிகள்தான்.

இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பில் ஏதோ ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு 5 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. அதோடு, பாரம் தூக்கிய நொடியில் தொடங்கிச் சில வாரங்களில் அடங்கிய நடுமுதுகு வலி. முள்ளெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு அப்போதைக்கு யார் கவனத்துக்கும் வராமலே போகின்றன. கை கால் முறிந்தால் அசைக்க முடியாது, வீங்கும், உடனே மருத்துவமனைக்கு ஓடுகிறோம். முள்ளெலும்பு அப்படி இரண்டாகப் பிளப்பதில்லை. முன்பக்கம் ஆப்பு வடிவில் அமுங்கிப்போகிறது. வலி தணிந்துவிடும், அமுங்கியது மீண்டும் நிமிராது. முறிந்ததா இல்லையா என்பதை உங்களை நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. பக்கவாட்டில் முதுகெலும்பு முழுவதையும் எடுக்கும் ஒரு சாதாரண எக்ஸ்ரே அதைச் சொல்லிவிடும். இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அந்தப் படம்தான் உங்களுக்கு எந்த மருந்து, எந்தப் பயிற்சி என்பதைத் தீர்மானிக்கப்போகிறது.

எலும்புக்குள் நடப்பது என்ன?

“எலும்பு உளுத்துப்போவது” என்று எழுதியிருக்கிறீர்கள். கவனிப்பாரற்றுக் கிடக்கும் பொருள்தான் உளுக்கும். உங்கள் எலும்பு இந்த நிமிடமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடித்துப் புதிதாகக் கட்டப்படுகிறது. சாலைப் பணியைப் போலத்தான் இது: விரிசல் விட்ட இடத்தை ஒரு குழு தோண்டி எடுக்கிறது, பின்னால் வரும் இன்னொரு குழு நிரப்பிச் செல்கிறது. தோண்டுபவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். இரத்த அணுக்களின் வம்சத்தில் வந்தவை, பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள். எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரந்து தாது உப்பைக் கரைத்து, பிறகு நொதிகளால் கொலாஜன் என்ற புரத நாரை அறுக்கின்றன. நிரப்புபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். முதலில் கொலாஜன் நாரை நெய்து, அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிய வழி செய்கின்றன. ஓர் இடத்தைத் தோண்ட இரண்டு முதல் நான்கு வாரம் போதும். அதே இடத்தை நிரப்பி முடிக்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். உங்கள் பிரச்சினையின் வேர் இந்தக் கால வித்தியாசத்தில்தான் இருக்கிறது. தோண்டும் இடங்கள் அதிகமானால் நிரப்பும் குழு எவ்வளவு உழைத்தாலும் பின்தங்கிவிடும்.

மூன்றாவது வகைச் செல் ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நாற்காலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எலும்பைக் கட்டும்போது ஆஸ்டியோபிளாஸ்ட்களில் சில, தாங்கள் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்துவிடுகின்றன. அவற்றுக்கு அப்போது ஆஸ்டியோசைட் என்று பெயர். எலும்பில் உள்ள செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இவைதான். நுண்ணோக்கியில் பார்த்தால், சிறு குழிக்குள் அமர்ந்த ஒவ்வொரு ஆஸ்டியோசைட்டிலிருந்தும் மயிரிழை போன்ற கிளைகள் எல்லாத் திசையிலும் நீண்டு, நுண்ணிய கால்வாய்கள் வழியே பக்கத்துச் செல்லின் கிளைகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கால்வாய்களில் திரவம் நிரம்பியிருக்கிறது. நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, திரவம் நகர்கிறது, கிளைகள் அதை உணர்கின்றன. “இங்கே சுமை விழுகிறது, எலும்பு தேவை” என்ற செய்தி அப்படித்தான் பிறக்கிறது. சுமை விழாவிட்டால் இதே ஆஸ்டியோசைட்கள் ஸ்கிலெரோஸ்டின் என்ற புரதத்தை அதிகமாகச் சுரந்து, கட்டும் வேலையை நிறுத்தச் சொல்கின்றன.

வயது இந்த மூவரையும் பாதிக்கிறது, ஆனால் ஒரே விதமாக இல்லை. பெண்களுக்கு முதல் அடி ஈஸ்ட்ரோஜன் குறைவதால் விழுகிறது. தோண்டும் செல்களைக் கட்டுக்குள் வைத்து, வேலை முடிந்ததும் அவை மடிந்துவிடச் செய்வது இந்த ஹார்மோன். அது குறைந்ததும் தோண்டும் இடங்கள் பெருகுகின்றன, ஒவ்வொரு குழியும் ஆழமாகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடக்கூடும். உங்களுக்கு 44 வயதிலேயே நின்றுவிட்டதால், உங்கள் எலும்பு இந்தப் பாதுகாப்பில்லாமல் 18 ஆண்டுகளைக் கடந்திருக்கிறது.

இரண்டாவது மாற்றம் மெதுவானது, ஆண்களுக்கும் பொதுவானது. எலும்பு மஜ்ஜையில் உள்ள மூலச் செல்கள் இளமையில் தாராளமாக ஆஸ்டியோபிளாஸ்ட்களாக மாறும். வயது ஏற ஏற, அதே மூலச் செல்கள் கொழுப்புச் செல்களாக மாறும் போக்கு வலுக்கிறது. கட்ட ஆளில்லாமல் குழிகள் முழுதாக நிரம்புவதில்லை. ஆஸ்டியோசைட்களிலும் பல இறந்து குழிகள் வெறுமையாகின்றன. இன்னும் சில இறக்காமலும் வேலை செய்யாமலும் முதிர்ந்த நிலையில் தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்து சுற்றியுள்ள செல்களையும் கெடுக்கின்றன. வயதான எலிகளில் இப்படி முதிர்ந்த செல்களை நீக்கியபோது எலும்பு வலுவடைந்ததாக 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. நம்பிக்கை தரும் ஆராய்ச்சிதான். ஆனால் மனிதர்களின் எலும்புக்கான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. “செல்களை இளமையாக்கும்” என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளை யாராவது உங்களிடம் நீட்டினால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஆகவே, “இயற்கைதானே” என்று நீங்கள் சொல்வதில் பாதி சரி. எலும்பு மெலிவது வயதோடு வருவதுதான். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிவதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. உயரத்திலிருந்து விழாமல், வாகனம் மோதாமல், வெறும் வழுக்கலில் முறிந்தால், எலும்பு தாங்க வேண்டியதைத் தாங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அறிக்கையில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

டி ஸ்கோர் என்பது உங்கள் எலும்பின் அடர்த்தியை ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். -2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்ற வரையறையை உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தது. அது பயனுள்ள கோடுதான். ஆனால் -2.3-இல் இருப்பவருக்குப் பாதுகாப்பு, -2.5-இல் இருப்பவருக்கு ஆபத்து என்று எலும்பு கோடு பார்த்து முறிவதில்லை. எலும்பு முறிந்து வரும் பெண்களில் மிகப் பலரின் டி ஸ்கோர் -2.5-ஐத் தொட்டிருக்காது. அடர்த்தி என்பது தாது எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் நுண்சட்டங்கள் அறுந்திருக்கின்றனவா, கொலாஜன் வயதால் விறைத்து நெகிழ்வை இழந்துவிட்டதா, மயிரிழை விரிசல்கள் சேர்ந்திருக்கின்றனவா என்பதையெல்லாம் அது காட்டாது.

முதுகெலும்பில் -1.4 என்று வந்ததில் ஆறுதல் அடைந்திருக்கிறீர்கள். அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 60 வயதுக்கு மேல் முதுகெலும்பின் ஓரங்களில் தேய்மானத்தால் எலும்பு முனைகள் வளர்ந்திருக்கும். நசுங்கிய முள்ளெலும்பு சிறிய பரப்பில் அடர்ந்து தெரியும். இரண்டுமே ஸ்கேனில் எண்ணை நல்லதாகக் காட்டிவிடும். இடுப்பை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்தில் -2.3, முதுகில் -1.4 என்ற இடைவெளிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏற்கெனவே ஒருமுறை இப்படி எலும்பு முறிந்தவருக்கு மீண்டும் முறியும் வாய்ப்பு, முறியாதவரை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த ஆபத்து முதல் இரண்டு ஆண்டுகளில்தான் மிக அதிகம். நீங்கள் எட்டாவது மாதத்தில் இருக்கிறீர்கள். ஃபிராக்ஸ் என்று ஒரு கணக்கீட்டு முறை உண்டு. அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவு ஏற்படும் வாய்ப்பைச் சொல்லும் அந்தக் கணக்கில் வயது, எடை, முந்தைய முறிவு, பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவு எல்லாம் சேரும். உங்கள் மருத்துவரிடம் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் மாத்திரை எழுதியது அறிக்கையின் கடைசி வரியை மட்டும் பார்த்து அல்ல, உங்கள் மணிக்கட்டையும் உங்கள் தாயாரையும் சேர்த்து யோசித்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு நசுங்கியிருப்பது தெரிந்தால், டி ஸ்கோர் எதுவாக இருந்தாலும் அது எலும்புப்புரைதான்.

இன்னொன்று. முழங்கால் வலிப்பதால் எலும்பு பலவீனமாகிவிட்டதோ என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்காலில் இருப்பது மூட்டுத் தேய்மானம், குருத்தெலும்பின் பிரச்சினை. எலும்புப்புரை முறியும்வரை வலிக்காது. முழங்கால் வலி குறைந்தது என்பதற்காக எலும்பு தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கால்சியம் மட்டும் போதுமா?

போதாது. இரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பது நல்ல செய்திதான், ஆனால் அது எலும்பைப் பற்றிய செய்தி அல்ல. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இதயமும் தசையும் நரம்பும் இயங்க இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட அளவு இருந்தே ஆக வேண்டும். அது சற்றுக் குறைந்தாலும் பாராதைராய்டு ஹார்மோன் சுரந்து எலும்பிலிருந்து எடுத்துச் சமன் செய்துவிடும். எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் இரத்தப் பரிசோதனை அழகாகவே இருக்கும்.

உங்கள் வயதில் ஒரு நாளைக்குத் தேவைப்படும் கால்சியம் சுமார் 1,200 மில்லிகிராம், உணவில் கிடைப்பதையும் சேர்த்து. பாலும் தயிரும் தவறாமல் உண்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் மாத்திரையாக 1,500 சேர்ந்தால் தேவையைத் தாண்டிவிடுகிறது. கூடுதலாகப் போனது எலும்பில் ஏறாது, சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கலாம். உணவில் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்கிட்டு, குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள். உங்களுக்கு அநேகமாக ஒன்று போதும், சாப்பாட்டோடு. வைட்டமின் டி அளவைப் பரிசோதித்து, குறைவாக இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரே தடவையாக மிகப் பெரிய டோஸ் எடுப்பது வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 2010-இல் வந்த முடிவு, விழுவதும் முறிவதும் அதிகமானதையே காட்டியது.

மருந்து தொடங்கும் முன் சில பரிசோதனைகளைக் கேளுங்கள்: கால்சியம், பாஸ்பேட், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினின், தைராய்டு, இரத்த அணுக்கள், தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோனும் புரதப் பரிசோதனையும். வேறு நோய் ஏதாவது எலும்பை அரித்துக்கொண்டிருந்தால் அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

நாற்காலியை விட்டு எழுங்கள்

நீங்கள் எடுத்த முடிவுகளில் மிகவும் ஆபத்தானது, மாத்திரையைப் பிரிக்காமல் வைத்ததைவிடவும், நடையை நிறுத்தியதுதான். பயம் எனக்குப் புரிகிறது. உங்கள் தாயார் படுக்கையில் கழித்த நாட்களைப் பார்த்தவர் நீங்கள். ஆனால் எடையற்ற வெளியில் மாதக்கணக்கில் மிதக்கும் விண்வெளி வீரர்கள், நல்ல வயதில் நல்ல உடலோடு போனவர்கள், இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்துக்கு 1 சதவீதமோ அதற்கு மேலோ இழந்திருக்கிறார்கள். சுமை விழாத எலும்பை ஆஸ்டியோசைட்கள் தேவையற்றது என்றே கணக்கிடும். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசையும் மெலியும், தடுமாறும்போது காலை ஊன்றி நிற்கும் வேகம் போகும். விழக் கூடாது என்று உட்கார்ந்தவர், எழும் அன்று விழுவதற்கே தயாராகிறார்.

எக்ஸ்ரே முடிவு வரும்வரை வீட்டுக்குள்ளும் சமதளத்திலும் நடங்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், முதல் வாரம் ஐந்து தடவை, முடிந்தால் ஏற்றுங்கள். சுவரையோ மேடையையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். படம் வந்த பிறகு, எலும்புப்புரையில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய் எடை தூக்கும் பயிற்சி தொடங்குங்கள். ஆம், எடை தூக்கத்தான் சொல்கிறேன். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களிடம் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம், பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று கனமான எடைகளைத் தூக்கச் சொன்ன ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு உண்டு. அவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி கூடியது, லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்தது. மேற்பார்வை இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். வீடியோ பார்த்து வீட்டில் தனியாகச் செய்ய வேண்டியது அல்ல.

முதுகை முன்பக்கம் வளைக்கும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். நின்று குனிந்து காலைத் தொடுவது, படுத்து உடலை எழுப்புவது போன்றவை முள்ளெலும்பின் முன்பக்கத்தில்தான் அழுத்தும், அது நசுங்குவதும் அங்கேதான். யோகாசன வகுப்புக்குப் போவதானால் ஆசிரியரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தரையில் கிடப்பதை எடுக்க வேண்டுமென்றால் ஒரு காலை முன்வைத்து, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, முதுகு நேராக இருக்க உடலோடு இறங்குங்கள். பொருளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, காலால் உந்தி எழுங்கள். நிரம்பிய வாளியை இனி நீங்கள் தூக்க வேண்டாம்.

தூக்க மாத்திரை பற்றி: அதைத் தந்த மருத்துவரிடம் பேசி மெதுவாகக் குறைக்கப் பாருங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் கழிவறைக்குப் போகும் அந்தச் சில அடிகளில் இடுப்பெலும்பு முறிந்தவர்கள் ஏராளம். படுக்கையிலிருந்து அங்கு போகும்வரை ஒரு சிறிய இரவு விளக்கு, குளியலறைச் சுவரில் கைப்பிடி, ஈரத்தில் வழுக்காத விரிப்பு, புதிய கண்ணாடிக்கான கண் பரிசோதனை ஆகியவற்றை மகள் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

தாடை எலும்பு பயமும் மாத்திரையும்

நீங்கள் கேள்விப்பட்டது கட்டுக்கதை அல்ல. அலெண்ட்ரோனேட் சேர்ந்த மருந்து வகையால் தாடை எலும்பின் ஒரு பகுதி ஆறாமல் வெளியே தெரியும் நிலை வருவதுண்டு. 2003-இல்தான் இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள், புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக இதே வகை மருந்தை மிக அதிக அளவில், அடிக்கடி ஊசியாகப் பெற்றவர்கள். எலும்புப்புரைக்குத் தரும் அளவில், ஓராண்டு மருந்து எடுக்கும் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கோ அதைவிட அரிதாகவோ வரலாம். பல் பிடுங்க வேண்டியிருந்தால், மருந்து தொடங்கும் முன்பே பிடுங்கி ஆறவிடுங்கள். பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

இரண்டாவது ஆபத்து, நீண்ட நாள் எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பின் தண்டுப் பகுதியில் வரும் வழக்கத்துக்கு மாறான முறிவு. இதுவும் அரிது, ஆண்டுகள் கூடக் கூட வாய்ப்பு கூடுகிறது. தொடையிலோ தொடை இடுக்கிலோ காரணமில்லாமல் வலி தொடர்ந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதனால்தான் வழக்கமாக ஐந்து ஆண்டுகள் ஆனதும், தொடர வேண்டுமா, இடைவெளி விடலாமா என்று மருத்துவர்கள் மீண்டும் கணக்குப் போடுகிறார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். முள்ளெலும்பு முறிவு ஏற்கெனவே இருந்த 2,027 பெண்களிடம் அலெண்ட்ரோனேட்டைச் சோதித்த ஆய்வு 1996-இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் புதிய முள்ளெலும்பு முறிவுகளும் இடுப்பெலும்பு முறிவுகளும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இந்த மருந்து தோண்டும் செல்களை அடக்கி, நிரப்பும் செல்களுக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். உங்கள் நிலையில் நான் எடை போட்டால் தராசு மருந்தின் பக்கமே சாய்கிறது.

மாத்திரையை விழுங்கும் முறை மிக முக்கியம். காலையில் எழுந்ததும், காபி, தேநீர் எதுவும் குடிக்கும் முன், வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் உண்ணக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். பாலோடோ கால்சியம் மாத்திரையோடோ சேர்த்தால் உடலில் ஏறாமலே வெளியேறிவிடும். விழுங்குவதில் சிரமம் இருந்தாலோ, நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தாலோ, மாத்திரைக்குப் பதில் ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அதனால்தான் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை யாராவது பரிந்துரைத்தால், ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்: நிறுத்தினால் அடுத்து என்ன மருந்து? வேறு மருந்து தராமல் அதை நிறுத்தியவர்களுக்கும், அடுத்த ஊசியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களுக்கும் ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் முறிந்திருக்கின்றன.

எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தால் நிலைமை மாறும். அப்போது தோண்டுவதை நிறுத்தும் மருந்துக்கு முன்னால், கட்டுவதைத் தூண்டும் மருந்தைத் தொடங்கலாமா என்று கேளுங்கள். டெரிபாராடைட் அத்தகையது. ரோமோசோசுமாப் இன்னொன்று, நான் மேலே சொன்ன ஸ்கிலெரோஸ்டின் புரதத்தை முடக்குவது. பிறவியிலேயே இந்தப் புரதம் இல்லாததால் அசாதாரணமான கனத்த எலும்புகளோடு வாழ்ந்த சில குடும்பங்களை, தென்னாப்பிரிக்காவிலும் நெதர்லாந்திலும், ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்து அது. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குத் தரக் கூடாது. இவை எல்லாமே குறிப்பிட்ட காலத்துக்குத்தான், அதன் பின் அலெண்ட்ரோனேட் போன்றதைத் தொடராவிட்டால் கட்டியது கரைந்துவிடும். எலும்பு மருத்துவரோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரையும் பார்ப்பது இந்த இடத்தில் பயன்படும்.

ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். மாதவிடாய் சீக்கிரம் நின்ற அந்த நாட்களில் யோசித்திருக்கக்கூடிய வழி அது. 18 ஆண்டுகள் கழித்து எலும்புக்காக மட்டும் புதிதாகத் தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் மகளுக்கு

எலும்பின் உச்ச அடர்த்தியில் பெரும்பங்கு பரம்பரையால் தீர்மானிக்கப்படுகிறது, ஆகவே அவருடைய கவலை நியாயமானது. ஆனால் 35 வயதில், மாதவிடாய் ஒழுங்காக இருக்கும்போது, முறிவு எதுவும் ஏற்படாதபோது, அவருக்கு ஸ்கேன் இப்போது தேவையில்லை. எடுத்தாலும் வரும் எண் அவரைப் பயமுறுத்துவதைத் தவிர அதிகம் உதவாது. எலும்பு உச்ச அடர்த்தியை எட்டுவது ஏறத்தாழ 30 வயதோடு முடிந்துவிடுகிறது. இனி இருப்பதைக் காப்பதுதான் அவர் வேலை: வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி, குதித்தல் உள்ள உடற்பயிற்சி, போதிய புரதம், புகை கூடவே கூடாது, மெலிய வேண்டும் என்பதற்காகப் பட்டினி வேண்டாம். உங்களுக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்பதை அவர் தம் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, மருத்துவக் குறிப்பில் எழுதி வைக்கச் சொல்லட்டும். அவருக்கும் 45 வயதுக்கு முன்பே நின்றால், உங்களைப் போல 18 ஆண்டுகள் காத்திராமல், அந்த ஆண்டே ஸ்கேன் எடுத்து ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் எக்ஸ்ரேக்குப் போகும்போது பழைய டெக்ஸா அறிக்கையையும் மணிக்கட்டுப் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இதற்கிடையில் மீண்டும் திடீர் முதுகு வலி வந்தாலோ, கால்கள் மரத்தாலோ, சிறுநீர் மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.